துருப்பிடித்த தகரமும் வாடகை வாங்கும் கையும்

ரொறன்ரோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ இரண்டு வீடுகளுக்கு நடுவே, குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் குறுகிய சந்தில் நடந்தால், சுவரோடு ஒட்டி அரைவட்டமாக ஒரு நெளிதகரம் மண்ணுக்குள் இறங்கியிருப்பது கண்ணில் படும். பேஸ்மென்ட் ஜன்னலின் பாதியோ முழுவதுமோ தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், மண் சரிந்து கண்ணாடியை மூடிவிடாமல் இருக்க வைத்த தடுப்பு அது. கனடாவில் ‘விண்டோ வெல்’ என்பார்கள். ஜன்னல் குழி என்றே வைத்துக்கொள்ளலாம். எட்டிப் பார்த்தால் போன இலையுதிர்காலத்து மேப்பிள் சருகு, காற்றோடு வந்து விழுந்த காப்பிக் கோப்பை, சில நேரம் ஏறிப் போக வழி தெரியாமல் ஒரு தேரை. தகரத்தின் அடிப்பகுதி செம்பழுப்பாகி, விரல் பட்டாலே செதில் செதிலாக உதிரும். வீடு கட்டிய காலத்தில் வைத்தது. அதன் பிறகு கூரை மாற்றியிருப்பார்கள், சமையலறையை இடித்துக் கட்டியிருப்பார்கள். இந்தத் தகரத்தை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஜன்னலுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ரொறன்ரோவில் வந்திறங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு, கனடாவின் முதல் முகவரி யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட்தான். அங்கே நாலைந்து பேராக ஒண்டியிருந்து, இரண்டு வேலை பார்த்து, சீட்டுக் கட்டி, பிறகு வீடு வாங்கினார்கள். வாங்கிய வீட்டின் கடன் தவணையைச் சமாளிக்க அந்த வீட்டின் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டார்கள். இன்று யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் படிக்க வரும் பிள்ளைகள் அங்கே குடியிருக்கிறார்கள். மேலேயும் தமிழர், கீழேயும் தமிழர். ஆகவே இந்தத் துருப்பிடித்த தகரம் ஏதோ வெள்ளைக்காரர் வீட்டுப் பராமரிப்புச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. பேஸ்மென்ட் வாடகை வாங்குகிறவர் சமையலறைக்குக் கிரானைட் போடுவதற்கு முன்னால் செலவழிக்க வேண்டிய இடம் இது. செலவு அவருடையது, குடியிருப்பவருடையது அல்ல.

கடையில் வாங்கும்போது இந்தத் தகரம் துத்தநாக முலாம் பூசிய எஃகு. வழக்கமான முலாமின் தடிமன் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. துத்தநாகம் தான் கரைந்துகொண்டே எஃகைக் காப்பாற்றும். கீறல் விழுந்த இடத்தில்கூட, பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் முன்வந்து அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். காற்றோட்டமாக, உலர்ந்து நிற்கும் இடத்தில் இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் தாங்கும். ஜன்னல் குழியில் நிலைமை வேறு. தகரத்தின் ஒரு முகம் ஆண்டு முழுவதும் மண்ணோடு ஒட்டிக்கிடக்கிறது. ரொறன்ரோ வட்டாரத்தில் பல இடங்களில் அது தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும் களிமண். அதனால் கண்ணுக்குத் தெரியாத வெளிமுகம்தான் பெரும்பாலும் முதலில் போகிறது. உட்பக்கம் முதல் சிவப்புப் புள்ளி தெரிகிறபோது மறுபக்கம் ஏற்கெனவே கரைந்து முடிந்திருக்கலாம்.

இதோடு உப்பும் சேர்கிறது. பேஸ்மென்டில் குடியிருப்பவர் வந்துபோகும் வாசல் பொதுவாக வீட்டின் பக்கவாட்டில் இருக்கும். பனிக்காலத்தில் அவர் வழுக்கி விழக்கூடாதே என்று அந்த நடைபாதையில்தான் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். அதே நடைபாதையை ஒட்டித்தான் ஜன்னல் குழியும் இருக்கிறது. உருகும் பனி உப்பைக் கரைத்துக்கொண்டு தகரத்தின் விளிம்புக்கு வருகிறது. உப்பிலுள்ள குளோரைடு பட்டால் துத்தநாகம் வேகமாகக் கரையும். வாடகைக்கு விட்ட வீட்டின் குழி, வாடகைக்கு விடாத வீட்டின் குழியைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்க இது ஒன்றே போதும்.

உறைபனி செய்யும் வேலை இன்னும் நுட்பமானது. ரொறன்ரோ பகுதியில் வீட்டு அடித்தளங்களை ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதற்குக் காரணமே மண் அந்த அளவுக்கு உறையக்கூடும் என்பதுதான். உறையும் ஈரமண் உப்பி மேலெழும். தகரத்தையும் கவ்விப் பிடித்துத் தன்னோடு தூக்கும். சுவரில் தகரத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் ஏற்கெனவே துருப்பிடித்திருந்தால் ஒவ்வொன்றாக முறியும். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாக மழைநீர் வெளிமண்ணைக் குழிக்குள் இழுத்துவரும். மண் போன இடத்தில், வீட்டை ஒட்டிய தரை தாழும். தரை தாழ்ந்தால் முற்றத்துத் தண்ணீர் தெருவை நோக்கி ஓடாமல் வீட்டை நோக்கி ஓடும். அடுத்த குளிர்காலத்தில் அங்கே ஈரம் கூடுதலாக இருக்கும், உப்புதலும் கூடுதலாக இருக்கும். ஓர் ஆணியில் தொடங்கியது சில ஆண்டுகளில் பேஸ்மென்ட் கம்பளத்தில் வந்து முடிகிறது.

2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் 97.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. அதன் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. 2013 ஜூலை 8 அன்று அதே இடத்தில் 126 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட நாட்களில் ஜன்னல் குழி நிரம்பி, கண்ணாடிச் சட்டத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே இறங்கினால், ‘மழை அப்படி’ என்று சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. குழிக்குள் நேராக விழும் மழை 97.8 மில்லிமீட்டர் என்றால், அடியில் வடிகால் சுத்தமாக அடைத்திருந்தாலும் சேரும் தண்ணீரின் உயரம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஜன்னலின் கீழ்விளிம்பு அதற்கு மேலே இருந்தால் வீட்டுக்குள் ஒரு சொட்டும் வராது. அதே நேரத்தில் 50 சதுர மீட்டர் கூரைப்பகுதியில் விழும் மழை சுமார் 4,900 லிட்டர். அந்தக் கூரையின் தாரைக்குழாய் சுவரடியிலேயே முடிந்தால், நாலைந்து குடம் கொள்ளும் குழி எத்தனை நிமிடம் தாங்கும்? ஜன்னல் குழியை நிரப்புவது வானம் அல்ல, பெரும்பாலும் அந்த வீட்டின் சொந்தக் கூரைதான்.

இதனால்தான், துருப்பிடித்த தகரத்தைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைத்தால் காரியம் முடிந்தது என்று நினைப்பது வீண்செலவு. கூரைத் தண்ணீர் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி விழ வேண்டும். தரை வீட்டிலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். குழியின் அடியில் சேரும் தண்ணீருக்குப் போக வழி வேண்டும். ரொறன்ரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் கட்டட விதிகள் ஜன்னல் குழியை அடித்தளத்தின் அடிமட்டத்துக்கோ வேறு தகுந்த இடத்துக்கோ வடியவிட வேண்டும் என்கின்றன. அதாவது குழியிலிருந்து ஒரு செங்குத்துக் குழாய் அல்லது சரளைக்கல் நிரப்பிய பாதை, சுவரடியில் ஓடும் ‘வீப்பிங் டைல்’ எனப்படும் துளைக்குழாய் வரை போக வேண்டும். பழைய வீடுகளில் அந்த வழி வண்டலால் அடைபட்டிருக்கும். சிலவற்றில் குழியின் அடியில் சருகைத் தோண்டினால் வெறும் களிமண்தான் வரும்.

தண்ணீர் உள்ளே வருவதைவிடப் பெரிய கேள்வி, ஆள் வெளியே போக முடியுமா என்பது.

2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் எச்சம் நியூயார்க் நகரத்தின் மீது கொட்டியது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் ஏறக்குறைய 80 மில்லிமீட்டர். நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ட் குடியிருப்புகளில் இறந்தார்கள். பெரும்பாலோர் குடியேறிகள். குடியிருந்த இடங்களில் பெரும்பாலானவை அனுமதி பெறாதவை. வெளிநோக்கித் திறக்கும் கதவுக்கு வெளியே 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், 80 சென்டிமீட்டர் அகலக் கதவின் மேல் ஏறக்குறைய 140 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். திடகாத்திரமான ஆளாலும் அதைத் தள்ளித் திறக்க முடியாது. அப்போது மிஞ்சுவது ஜன்னல்தான். அது கம்பி போட்ட ஜன்னலாகவோ, தலை நுழையாத ஜன்னலாகவோ இருந்தால் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. தீ விபத்திலும் கதை இதுவே. புகை படிக்கட்டை அடைத்துவிட்டால் ஜன்னல் ஒன்றுதான் வழி.

ஒன்டாரியோ விதிகளின்படி, தப்பிக்கும் வழியாகக் கணக்கில் வரும் படுக்கையறை ஜன்னல் திறந்தால் குறைந்தது 0.35 சதுர மீட்டர் வெளி கிடைக்க வேண்டும்; எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வர வேண்டும். அது குழிக்குள் திறக்குமானால், ஜன்னலுக்கு முன்னால் விதி சொல்லும் அளவுக்கு இடைவெளி வேண்டும். மண்ணின் அழுத்தத்தில் தகரம் உள்நோக்கிப் புடைத்துவிட்டால் இந்த இடைவெளி சத்தமில்லாமல் குறைந்துவிடும். கட்டிய நாளில் சட்டப்படி இருந்த ஜன்னல், துருவினால் சட்டப்படி இல்லாமல் போகிறது. துருவின் கூர்மையான விளிம்பைப் பிடித்து இருட்டில் ஒருவர் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

பழுதின் அளவைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் வேண்டாம். ஒரு திருப்புளியை எடுத்து, தகரத்தின் நெளிவுப் பள்ளங்களிலும் அடிவிளிம்பிலும் அழுத்திப் பார்த்தால் போதும். மேற்பரப்பில் மட்டும் துரு, உள்ளே உலோகம் உறுதி என்றால் கம்பித் தூரிகையால் சுரண்டி, துத்தநாகம் செறிந்த பிரைமர் அடித்து இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். இங்கே பலர் செய்யும் பிழை, கராஜில் மீந்து கிடக்கும் எண்ணெய் பெயின்டை எடுத்து அடித்துவிடுவது. எண்ணெய் பெயின்ட் துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்கும். நாளடைவில் பெயின்ட் தோல் தோலாக உரிந்துவிடும். திருப்புளி தகரத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போனாலோ, ஆணிகள் சுவரை விட்டுக் கழன்றிருந்தாலோ, ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை. மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும் வேலையில் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு அழைப்பு இருக்கிறது. ஒன்டாரியோ ஒன் கால் என்ற அமைப்புக்குச் சொன்னால், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி நிறுவனங்களின் புதைந்த குழாய்களும் கம்பிகளும் எங்கே போகின்றன என்று நிலத்தில் வண்ணக்கோடு போட்டுக் காட்டிவிடுவார்கள். கட்டணம் கிடையாது, தோண்டுவதற்கு முன் சொல்ல வேண்டியது சட்டப்படி கட்டாயம். எரிவாயு மீட்டர் இருக்கும் பக்கச் சுவரில்தான் ஜன்னல் குழியும் இருக்கும் வீடுகள் ஏராளம் என்பதால் இதை அலட்சியப்படுத்துவது உயிரோடு விளையாடுவது.

பழைய தகரத்தை எடுத்தபின் தெரியும் சுவரை நின்று பார்க்க வேண்டும். ஜன்னலின் கீழ்மூலைகளிலிருந்து சாய்வாக இறங்கும் மயிரிழை விரிசல்களை அடைக்க இதுபோல வசதியான நேரம் மறுபடி வராது. புதிய குழி ஜன்னலைவிட இரு பக்கமும் ஒரு சாண் அளவுக்காவது அகலமாக இருந்தால் நல்லது. மேல்விளிம்பு தரைக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் நிற்க வேண்டும் என்று வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் இன்டாக்ட் பருவநிலைத் தகவமைப்பு மையம் பரிந்துரைக்கிறது. முற்றத்தில் ஓடும் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்காமலிருக்க அந்த உயரம். ஆணிகளைக் கான்கிரீட் அடித்தளத்தில் அடிக்க வேண்டும். அலங்காரச் செங்கல்லில் அடித்தால் நிற்காது. மண்ணை நிரப்பும்போது உட்பக்கம் இரண்டு மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தம்புதுத் தகரமே அன்றைக்கே உள்நோக்கி வளையும். இப்படி முட்டுக்கொடுக்காமல் அவசரமாக மண்ணைத் தள்ளிவிட்டுப் போகும் வேலைக்காரர்கள் உண்டு, பக்கத்தில் நின்று பார்ப்பது தவறில்லை.

எஃகா, பிளாஸ்டிக்கா என்ற வாதம் ஓயாதது. பாலிஎத்திலீன் குழி துருப்பிடிக்காது; ஆனால் மெலிந்த ரகம் களிமண் அழுத்தத்தில் வளையும், வெயிலில் சில ரகங்கள் வெளிறி நொறுங்கும். ஆழமில்லாத குழிக்குத் தடிமனான முலாம் எஃகே போதுமானது. ஆள் ஏறி வர வேண்டிய ஆழமான குழிக்கு, படி வைத்து வார்த்த கம்பாசிட் ரகம் கூடுதல் விலையானாலும் சரியான தேர்வு. மேலே ஒளிபுகும் மூடி போடுவது நல்லதுதான்; அதைக் குழிக்குள் நிற்கும் ஒரு சிறுவனும் தள்ளித் தூக்க முடிய வேண்டும். மூடிக்கு மேல் செங்கல் வைத்து ‘காற்றில் பறக்காமல்’ காக்கும் வீட்டுக்காரர், தன் வாடகைக்காரரின் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்தபிறகும் ஏன் நடப்பதில்லை? பல பேஸ்மென்ட்களில் கேட்கக்கூடிய பேச்சு இப்படிப் போகும்: “அண்ணை, மழை பெஞ்சா ஜன்னலால தண்ணி வருது.” “தம்பி, அது வெளித் தகரம்தானே, அதால என்ன வரப்போகுது? ஒரு துவாயைப் போட்டு விடும்.” தம்பி துவாயைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். ஊர்க்காரர், தெரிந்தவர் மூலம் கிடைத்த இடம், முன்பணம் அதிகம் கேட்கவில்லை என்ற நன்றியுணர்வு ஒரு காரணம். இன்னொரு காரணம் பயம். அனுமதி பெறாத பேஸ்மென்ட் என்றால், நகரசபைக்குப் புகார் போனதும் இடத்தையே மூடிவிடுவார்களோ, குளிர்காலத்தில் எங்கே போவது என்ற பயம். இந்தப் பயம் வெறும் கற்பனையும் அல்ல. அதனால்தான் முதல் அடியை வீட்டுக்காரர் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சட்டம் இதில் மழுப்பவில்லை. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வாடகை வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பதும் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப வைத்திருப்பதும் வீட்டுக்காரரின் கடமை என்கிறது. குடிவருவதற்கு முன்பே பழுது இருப்பது வாடகைக்காரருக்குத் தெரிந்திருந்தாலும் அந்தக் கடமை போய்விடாது. ‘பார்த்துத்தானே வந்தீர்’ என்ற வாதம் அங்கே எடுபடாது. பாதுகாப்பு விதிமீறல் பற்றி அரசு அமைப்பிடம் புகார் கொடுத்ததற்காகவே வெளியேற்றக் கேட்டால், வீட்டுக்காரர்-வாடகைக்காரர் வாரியம் அதை மறுக்க வேண்டும். ஆனால் வீட்டுக்காரரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது. மாணவர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்கள் என்பதால், ஒப்பந்தத்துக்கு முன்பே இதைக் கவனிக்க வேண்டும்.

அரசாங்கத்தின் பக்கமும் குறை உண்டு. வெள்ளத் தடுப்பு மானியம் என்றதும் பேச்சு பேக்வாட்டர் வால்வையும் சம்ப் பம்பையுமே சுற்றுகிறது. சாக்கடை பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் வால்வும், அடித்தளத்தில் சேரும் தண்ணீரை இறைத்து வெளியேற்றும் பம்பும் அவசியம்தான். ஜன்னல் வழியாக வரும் தண்ணீருக்கு வால்வு என்ன செய்யும்? நியூயார்க் மாநிலம் 11 உயிர்களைக் கொடுத்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2024இல்தான், பேஸ்மென்ட் குடியிருப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் சோதனைத் திட்டத்துக்கு வழிவிட்டது. ரொறன்ரோவும் பிராம்ப்டனும் அனுமதி பெறாத பேஸ்மென்ட்களை அபராதத்தால் மட்டும் துரத்தாமல், ஜன்னலையும் குழியையும் சரிசெய்ய அவகாசமும் உதவியும் கொடுத்துச் சட்டத்துக்குள் இழுத்தால், கீழே இருப்பவர்களின் வாய் திறக்கும். காப்பீட்டை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கனடாவில் நிலத்தின் மேல் ஓடிவரும் வெள்ளத்துக்கான காப்பீடு 2015 வாக்கில்தான் வீட்டுக்காரர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது, அதுவும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று. பராமரிப்பில்லாமல் மெல்ல மெல்லக் கசிந்த தண்ணீருக்கு அது பெரும்பாலும் பணம் தராது.

சாதாரண அளவுத் தகரம் ஒன்றின் விலை, ஒரு மாத பேஸ்மென்ட் வாடகையில் சிறு பங்கு. வடிகாலும் கூலியும் சேர்ந்தால் செலவு கூடும். நனைந்த சுவரட்டையையும் பூஞ்சணம் பிடித்த கம்பளத்தையும் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல. மண் உறைந்துவிட்டால் வசந்தம் வரை கைவைக்க முடியாது. ஆகவே பேஸ்மென்ட் வாடகைக்கு விட்டிருப்பவர்கள் அக்டோபருக்குள் ஒரு நாள் திருப்புளியோடு பக்கத்துச் சந்துக்குள் போய்ப் பாருங்கள். கீழே இருப்பவரையும் கூப்பிட்டு, அந்த ஜன்னலை உள்ளிருந்து ஒரு முறை முழுதாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.